நாலு புள்ளி எட்டு

பேர் எழுதக் கூடாது என்பது முதல் விதி.
அதனால் அவர் எங்களுக்கு 0417.
கொணவட்டம் டெப்போவில் எத்திராஜுலு,
குடியாத்தம் வண்டியில் இருபத்தாறு வருஷம்
நின்றே போய் நின்றே வந்த கண்டக்டர்.

மூன்று மாதத்துக்கொரு முறை வருவார்,
வெறும் வயிற்றோடு, ரத்தம் கொடுக்க.
ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பி
ஜன்னலில் மலையைப் பார்ப்பார்.
வேலூரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும்
ஒரு மலை நின்று வெயிலைத் திருப்பி அடிக்கும்.
மிச்ச மாத்திரை எண்ணுவது என் வேலை.
அவரிடம் கணக்குக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது.
டிக்கெட் கிழிக்கிற கை,
அட்டையையும் கோடு தவறாமல் கிழித்திருக்கும்.

ஏழாவது வருகையில் சொன்னார்:
"கெண்டைக்கால்ல இன்னாமோ குடையுதும்மா.
ராத்திரியானா எலி பூந்தாப்புல."

படிவத்தில் எலிக்கு இடமில்லை.
குடைச்சலுக்கும் இல்லை.
வலி, பலவீனம், பிடிப்பு என்று மூன்றே கட்டம்.
வலியில் டிக் அடித்தேன்.
மருந்தோடு தொடர்பு:
உண்டு, இல்லை, இருக்கலாம்.
டாக்டர் பேனாவைக் கொஞ்சம் நிறுத்திப் பிடித்து
'இருக்கலாம்' என்றார்.
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
தான் யாரென்று
மாத்திரைக்கு மட்டும் தெரியும்.

நான்கரை வருஷம்.
அதற்குள் பாலாற்றில் ஒரே ஒரு தடவை தண்ணீர் வந்தது.
பாலத்தின் மேல் ஊரே நின்றதால்
அன்றைக்கு மட்டும் அரைமணி தாமதமாக வந்தார்.
அதையும் 'விலகல்' என்ற பத்தியில் எழுதினேன்.

பிறகொரு நாள் கண்கட்டை அவிழ்த்தார்கள்.
திரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில்
ஒரு சொல் வந்து உட்கார்ந்தது.
0417க்கு நேரே: வெற்று மாத்திரை.
உள்ளே மாவு, மேலே மஞ்சள் பூச்சு.

மாத்திரை பொய்.
வலித்தது மெய்யில்.

ரெண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னேன்.
அவர் கோபப்படவில்லை.
காக்கிப் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி
நீல நரம்பு முறுக்கிய காலை
நாற்காலிமேல் தூக்கி வைத்தார்.
"அப்ப இது யாரு வூட்டு வலிம்மா?"

நிஜ மருந்து கடைக்கு வந்த வருஷம்
டாக்டர் அதையே அவருக்கு எழுதினார்.
தோட்டப்பாளையத்தில் வாங்கி,
பெட்டிக்குள்ளிருந்த தாளோடு என்னிடம் வந்தார்.
விரித்தால் மேஜை போதவில்லை.
எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ்.
"நீதானே எழுதிக்கினு இருந்த? நீயே படி."

ஈரலைச் சோதிக்கச் சொன்னதைப் படித்தேன்.
கர்ப்பிணிகள் தவிர்க்கவும். "அத்த வுடு."
பம்ளிமாஸ் சாறு நிறையக் குடிக்க வேண்டாம்.
"கேட்டுக்க. கஞ்சிக்கே இங்க நேரமில்ல."
அப்புறம் அட்டவணை. அதில் தசைவலி.
மருந்து சாப்பிட்டவர்கள், நூற்றுக்கு ஐந்து புள்ளி ஒன்று.
வெற்று மாத்திரை, நாலு புள்ளி எட்டு.

"இதுல நான் எங்க?"

நாலு புள்ளி எட்டில் விரல் வைத்தேன்.
கள்ளநோட்டைச் சோதிக்கிறவர் போல
அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
"எலியச் சேத்துத்தானே எண்ணாங்கோ?"
"சேர்த்துத்தான்."
ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
அவர் முகத்தில் வந்தது சந்தோஷமா என்று
இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

தாளை வந்த மடிப்பிலேயே மடிக்க
ரெண்டு பேருக்கும் வரவில்லை.
கடைசியில் நீளவாக்கில் மடித்து
ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் நடுவில்
விரலிடுக்கில் செருகிக்கொண்டார்.
"இதுவும் குடையுமா?"
'இருக்கலாம்' என்றேன், டாக்டர் குரலில்.

வாசலில் இறங்கும்போது
இடது காலைக் கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தது.
சிமென்ட் சூடாகவும் இருக்கலாம், மணி பன்னிரண்டு.
எழுதிக்கொள்ளத்தான் கை போனது.
ஆய்வு முடிந்து எட்டு மாதமாகியிருந்தது.